கறி விருந்துக்கு ஏன் கொல்லைப்புறம்?

கல்யாணம் நிச்சயமானதும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சமையல்காரரை நடுவில் உட்கார வைத்துப் பட்டியல் போடுவார்கள். காலை டிபனுக்கு இத்தனை வகை, மதிய இலைக்கு இரண்டு கூட்டு, மூன்று பொரியல், இரண்டு பாயசம் என்று எல்லாம் எழுதி முடிந்த பிறகு மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் மெல்லக் கேட்பார்: "ராத்திரிக்குப் பிரியாணி போட்டுருவோமா?" பெண்ணின் அப்பா உடனே கையை ஆட்டுவார். "வேணாங்க சம்பந்தி, நல்ல காரியத்துல எதுக்கு அது? மறுவீட்டுல வச்சுக்குவோம்." பேச்சு அதோடு முடிந்தது.

அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் கறி சாப்பிடுகிறவர்கள். சமையல்காரரும்தான். 2014இல் எடுக்கப்பட்ட மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். அப்படிப்பட்ட நாட்டில் பெரும்பாலான இந்துக் குடும்பங்களின் கல்யாணப் பந்தி மட்டும் மூன்று பேரின் சாப்பாட்டு விதிப்படி நடக்கிறது. மண்டபச் சுவரில் 'அசைவம் சமைக்க அனுமதி இல்லை' என்ற பலகை தொங்குகிறது. அதைக் கேள்வி கேட்பவர் நாக்கை அடக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்குகிறார்.

இந்த வழக்கத்துக்கு மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன. கறி மங்கலத்துக்கு ஆகாது என்பது ஒன்று. சைவம் போட்டால் எல்லோரும் சாப்பிடலாம் என்பது இரண்டு. ஓர் உயிரைக் கொன்று இரண்டு உயிர்களின் வாழ்க்கையைத் தொடங்கலாமா என்பது மூன்று. முதலாவது பொய். இரண்டாவது அரை உண்மை. மூன்றாவது உண்மையான கேள்வி. ஆனால் அதைக் கேட்பவர்கள் அதற்கு உண்மையாக இல்லை.

மங்கலத்திலிருந்து தொடங்குவோம். குலசாமி கோயிலில் கிடா வெட்டி, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்துகிறோம். அது மங்கல காரியம் இல்லையா? கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் பொங்கல் வைத்து, ஆட்டை அறுத்து, ஊரைக் கூப்பிட்டுப் பந்தி போடுகிறோம். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாத மொய் விருந்துகளில் ஆட்டுக்கறிச் சோறுதான் பிரதானம். லட்சக்கணக்கில் பணம் புரளும் நம்பிக்கையின் காரியம் அது. 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து 2003இல் தமிழக அரசு கெடுபிடி காட்டியபோது கிராமங்கள் கொதித்தன. 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. கறி இல்லாமல் சாமிக்குச் செய்வது முறையாகாது என்று அன்று வாதாடிய குடும்பங்கள்தான் கல்யாணப் பட்டியல் போடும்போது கறி என்றால் முகம் சுளிக்கின்றன. சாமிக்கு ஆகிற கறி சம்பந்திக்கு ஆகாதா?

'ஆதிகாலத்திலிருந்து அப்படித்தான்' என்பார்கள். ஆதிகாலம் அவர்கள் பக்கம் இல்லை. அகநானூற்றின் 136ஆம் பாட்டு ஒரு கல்யாணத்தைச் சொல்கிறது. நிலவு ரோகிணியோடு கூடிய நல்ல நேரம், புள் நிமித்தம் பார்த்தாயிற்று, வீட்டை அலங்கரித்துக் கடவுளை வணங்கியாயிற்று, முரசு ஒலிக்கிறது. வந்தவர்களுக்கு இறைச்சி சேர்த்துச் சமைத்த நெய் வழியும் வெண்சோறு என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். அதே நூலின் 86ஆம் பாட்டில் வரும் இன்னொரு கல்யாணத்தில் உளுந்துப் பொங்கல். ஆக, இரண்டு வகைப் பந்தியும் இருந்திருக்கிறது. எதுவும் மங்கலத்தைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. அந்தணரான கபிலரே, தன் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்று சேர மன்னன் கேட்டபோது, ஊன் சோறு உண்பதைத் தவிர வேறு வேலை இல்லாத கை என்று புறநானூற்றின் 14ஆம் பாட்டில் பதில் சொல்கிறார். பழையது என்பதால் ஒன்று சரியாகிவிடாது. ஆனால் பழமையைச் சாட்சிக்கு அழைத்தவர் அது சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

பிறகு இந்தச் சுளிப்பு எங்கிருந்து வந்தது? சாதி ஏணியில் ஒரு படி மேலே ஏற நினைக்கும் கூட்டம், மேல்படியில் இருப்பவரின் சடங்கையும் சாப்பாட்டையும் எடுத்துக்கொள்ளும். குடகு மக்களைப் பற்றி 1952இல் வெளியான தன் நூலில் எம். என். சீனிவாஸ் இதைச் சமஸ்கிருதமயமாதல் என்று விளக்கினார். நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, சம்பந்தி சண்டையே போதும். 'அவங்க வீட்டுக் கல்யாணத்துல கறி போட்டாங்களாம்' என்று சொல்லும்போது உதடு ஒரு பக்கம் கோணுகிறதே, அந்தக் கோணலில் எல்லாம் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது 1967இல். புரோகிதரை மேடையிலிருந்து இறக்கிய பல குடும்பங்கள், சாப்பாட்டுக் கூடத்தில் அவருடைய விதியை இன்றும் காப்பாற்றி வருகின்றன. மேடையில் வாழ்த்துரை கூறிய தலைவர் சாதி ஒழிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டுக் கீழே இறங்கி வந்து அவியலும் வடையும் சாப்பிடுகிறார்.

கறி போடத் துணிந்தவர்களும் இந்த ஏணியிலிருந்து இறங்கிவிடவில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று ஆனது. ஆம்பூரில் அதைச் சமைப்பவர்களும் உண்பவர்களும் எத்தனை பேர் என்பது ஊருக்கே தெரியும். எதிர்ப்பு எழுந்தது, திருவிழாவும் மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. சைவத்துக்குக் கீழே ஆடு, ஆட்டுக்குக் கீழே மாடு, அதற்கும் கீழே பன்றி. இலையில் விழுகிற பொருளை வைத்து இலைக்குப் பின்னால் இருக்கும் ஆளை எடைபோடுவதே இந்த வரிசையின் வேலை.

இனி இரண்டாவது நியாயம். சைவம் போட்டால் எல்லோரும் சாப்பிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தில் முப்பது பேர் சைவர்கள், கிழமைக்காகவும் மாலை போட்டதற்காகவும் விரதம் இருப்பவர்கள் இன்னும் ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு மரியாதையாகச் சாப்பாடு கிடைத்தாக வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. அதற்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, பரிமாறத் தனி ஆட்கள் வேண்டும். இது முடியாத காரியமா? வரவேற்பு அன்று மாலை மண்டபத்தைச் சுற்றிப் பாருங்கள். தோசைக்கு ஒரு மேசை, பானிபூரிக்கு ஒன்று, பாஸ்தாவுக்கு ஒன்று, பீடாவுக்கு ஒன்று, பஞ்சுமிட்டாய்க்கு ஒன்று. இத்தனைக்கும் இடமும் ஆளும் கிடைக்கிற மண்டபத்தில் கறிக்கும் சைவத்துக்கும் இரண்டு கூடம் ஒதுக்க மட்டும் இடம் பற்றாமல் போய்விடுகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணியும் தாள்சாவும் ஒரு பக்கம் நடக்க, சைவ விருந்தினருக்குத் தனிச் சமையல் வைத்து, வீட்டுப் பெரியவரே கூட நின்று கவனிப்பதைப் பார்க்கலாம். பலர் பிராமணச் சமையல்காரரையே அமர்த்தி, அதை வந்தவர்களிடம் சொல்லியும் விடுவார்கள். காயல்பட்டினத்தில் களரிச் சாப்பாட்டுக்கு ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. அந்த ஊரிலும் கறி உண்ணாத நண்பரை யாரும் பட்டினியாக அனுப்புவதில்லை. கறியைப் பிரதானமாக வைத்தும் சைவரை மதிக்க முடியும் என்பதை அவர்கள் எத்தனையோ தலைமுறைகளாகச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாம் செய்வது வேறு. எண்பது பேரின் வசதிக்கு மற்ற எல்லோரையும் சரிக்கட்டிவிட்டு அதற்குப் 'பொது' என்று பெயர் வைக்கிறோம்.

சரிக்கட்டுவதற்கு நாம் படும் பாட்டையும் பார்க்க வேண்டும். காளான் சுக்கா, மீல்மேக்கர் கோலா உருண்டை, பலாக்காய் பிரியாணி, காலிபிளவர் சிக்ஸ்டி ஃபைவ். பட்டை, கிராம்பு, சோம்பு, கல்பாசி எல்லாம் கறிக்குழம்புக்குப் போடுகிற அளவுக்கே போட்டு, கறி மட்டும் போடாமல் இறக்குகிறார்கள். சோயா உருண்டையைக் கடித்துவிட்டு ஒரு மாமா, "அப்படியே மட்டன் மாதிரியே இருக்குல்ல?" என்று பக்கத்து இலைக்காரரிடம் கேட்கிறார். இதுவா புலனடக்கம்?

மூன்றாவது நியாயத்துக்கு வருகிறேன். இதைக் கேலி செய்து தள்ளிவிட முடியாது. தன் நாக்குக்காக ஓர் உயிர் சாக வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னால் அது கனமான வாதம். அதற்கு நம் ஆட்கள் சொல்லும் வழக்கமான பதில்கள் எல்லாம் சொத்தை. 'செடிக்கும் உயிர் உண்டே' என்பது பேச்சுக்குச் சொல்வது; வெண்டைக்காயை நறுக்குவதும் ஆட்டை அறுப்பதும் ஒன்றல்ல என்று சொல்பவருக்கே தெரியும். 'புலி மானைத் தின்கிறதே' என்பதும் உதவாது. புலிக்கு வேறு வழியில்லை, நமக்கு உண்டு. வலியை உணரும் பிராணியைக் கொல்கிறோம் என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

ஒப்புக்கொண்டு கேட்கிறேன்: உங்கள் சைவப் பந்தி அந்த அறத்தில்தான் நிற்கிறதா? பருப்பின் மேல் ஊற்றும் நெய், கேசரியிலும் மைசூர்பாகிலும் இறங்கிய நெய், பாயசத்துப் பால், மோர்க்குழம்பு, கடைசியில் தயிர். ஒரு கிலோ நெய்க்கு இருபது லிட்டருக்கு மேல் பசும்பால் வேண்டும். பால் வேண்டுமானால் மாடு கன்று ஈன வேண்டும். பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி கிடேரி, பாதி காளை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் பசுவினம் சுமார் 19 கோடி. அதில் பெண் 14 கோடிக்கு மேல். ஆண் 5 கோடிக்கும் குறைவு. எருமையில் இன்னும் மோசம்: சுமார் 11 கோடியில் ஆண் 1 கோடிகூடத் தேறவில்லை. சமமாகப் பிறந்த ஆண் கன்றுகள் எங்கே போயின? ஏர் உழுத காலம் போய் டிராக்டர் வந்த பிறகு, சினை ஊசி வந்த பிறகு, காளைக்கன்று பால்காரருக்குத் தீனிச் செலவு. சில கன்றுகள் பாலில்லாமல் சாகின்றன, மற்றவை லாரி ஏறுகின்றன. உலகுக்கு எருமைக்கறி ஏற்றுமதி செய்யும் பெரிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதும், உலகிலேயே அதிகம் பால் கறப்பது இந்தியா என்பதும் ஒரே தொழிலின் இரண்டு பக்கங்கள். நெய் உருகும் இலைக்கும் அறுப்புக்கூடத்துக்கும் நடுவே இருப்பது தூரம் மட்டுமே.

மேடையையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். மணப்பெண் உடுத்தியிருக்கும் முகூர்த்தப் பட்டுக்கு ஆயிரக்கணக்கான பட்டுக்கூடுகள், உள்ளே புழு உயிரோடு இருக்கும்போதே வெப்பத்தில் வேகவைக்கப்பட்டிருக்கின்றன. கறி மங்கலத்துக்கு ஆகாது என்று சொன்ன வீடு அந்தப் புடவையைக் காஞ்சிபுரம் வரை போய், கடை கடையாக ஏறி இறங்கி எடுத்திருக்கிறது.

அரிசிக்கு வாருங்கள். அறுவடை முடிந்த வயல்களில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். இரவெல்லாம் மந்தை கிடந்த வயலில் அந்தப் புழுக்கையும் மூத்திரமுமே அடுத்த போக நெல்லுக்கு உரம். கிடைக்கூலியை மட்டும் வைத்துக் கீதாரி பிழைக்க முடியாது; கிடாக்குட்டிகளை விற்றால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். சைவ இலையில் விழும் சோற்றுக்குள்ளும் ஓர் ஆட்டுச் சந்தை இருக்கிறது.

'ஒரு தப்பைக் காட்டி இன்னொரு தப்பைச் சரியாக்க முடியுமா?' என்று கேட்பீர்கள். முடியாது. நெய்யில் கொலை இருப்பதால் கறியில் குற்றமில்லை என்று நான் சொல்லவில்லை. பாலும் பட்டும் உட்பட எல்லாவற்றையும் விட்டு, தேங்காய்ப் பாலில் பாயசம் வைத்து, பருத்திப் புடவையில் கல்யாணம் நடத்துபவர் வந்து என்னைக் கேட்டால் கைகட்டி நின்று கேட்டுக்கொள்வேன். அவருக்கு அந்த உரிமை உண்டு. இங்கே பந்தியைச் சைவமாக்கியவர் அவர் அல்லர். உயிர்மேல் இரக்கம் காரணமாக இருந்திருந்தால், மூன்றாம் நாள் மறுவீட்டில் என்ன நடக்கிறது? ஈரல் வறுவல், குடல் குழம்பு, தலைக்கறி, எலும்பு ரசம் என்று மாப்பிள்ளை வீட்டாரை எழுந்திருக்க விடாமல் போட்டு வாட்டுகிறார்களே! மண்டபத்தில் தப்பித்த ஆடு மறுவீட்டில் சாகிறது. இதில் ஆட்டுக்கு என்ன லாபம்?

வள்ளுவரை இழுப்பார்கள், இழுக்கட்டும். புலாலை அவர் மறுத்தார். பத்துக் குறளில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் மறுத்தார். வாங்கித் தின்பவனுக்கும் கொலையில் பங்கு உண்டு என்று விலைக் கணக்கே போட்டுக் காட்டினார். ஆனால் அந்த அதிகாரத்தை அவர் வைத்தது துறவறவியலில். கொல்லாமையும் அங்கேதான். விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். அங்கே அவர் கவலையெல்லாம் வந்தவர் முகம் வாடக் கூடாது என்பது. கல்யாணம் இல்லறத்தின் வாசல். புலால் மறுத்தல் அதிகாரத்திலேயே இன்னொன்றும் உண்டு: நெய் சொரிந்து ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமலிருப்பது மேல் என்கிறார். அந்தக் குறளுக்கு மதிப்புக் கொடுத்து எந்த மண்டபத்தில் ஹோம குண்டத்தை அணைத்தார்கள்? வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு மீதியை மடித்து வைப்பது வள்ளுவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. புலாலை இன்னும் கண்டிப்பாக மறுத்தவர் வள்ளலார். அவரும் 1867இல் வடலூரில் அடுப்பு மூட்டியபோது, பசியோடு வந்தவரிடம் நீ எதைத் தின்கிறவன் என்று கேட்டுச் சோறு போடவில்லை.

கறி உண்பவர்களுக்கு அறமே இல்லை என்றோ, அது வேண்டியதில்லை என்றோ ஆகிவிடாது. கொல்கிறோம் என்று ஒப்புக்கொண்டவருக்குத்தான் எதைக் கொல்கிறோம், எத்தனை, எப்படி என்ற கேள்விகள் பிறக்கின்றன. பன்னிரண்டு கிலோ கறி தேறும் வெள்ளாடு ஒன்று எழுபது பேருக்காவது பிரியாணி போடும். ஆயிரம் பேருக்குப் பதினைந்து ஆடு. சிக்கன அவசரத்தில் பிராய்லர் கோழிக்கு மாறினால் ஏறக்குறைய நூற்று நாற்பது உயிர். கரட்டில் மேய்ந்து, வெயிலும் நிழலும் பார்த்து வளர்ந்தது ஆடு. கொட்டகையை விட்டு வெளியே வராமல் நாற்பது நாளில் இரண்டு கிலோவுக்கு ஊதி லாரி ஏறுவது கோழி. இந்தக் கணக்கை யாராவது கல்யாணப் பட்டியல் போடும்போது பார்க்கிறார்களா? கறியைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிய பிறகு அதைப் பற்றி யோசிப்பதையும் அங்கேயே தள்ளிவிட்டோம்.

ஆகவே கறி போடுபவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. ஆட்டுக்கறி விலை ஏறிக்கிடக்கும் காலத்தில் கடன் வாங்கி நாலு வகைக் கறி போட்டுப் பெருமை காட்டாதீர்கள். ஒரே கறி, அதை நன்றாகச் செய்யுங்கள். இளங்கிடாவாகப் பார்த்து, தெரிந்த வியாபாரியிடம் பிடித்து, கத்தி தீட்டி ஒரே வீச்சில் அறுக்கத் தெரிந்தவரை வையுங்கள். சீரகச் சம்பாவை அளவாக ஊறவைத்து, தம் உடைத்த சூட்டோடு பரிமாறுகிற பிரியாணிக்குப் பக்கத்தில் வெங்காயத் தயிரும் கத்தரிக்காய்க் கூட்டும் போதும். வேண்டியவர்களுக்கு மறுபடி கேட்டுப் போடுங்கள், கேட்காமல் குவிக்காதீர்கள். ஒரு துண்டு கறி குப்பைத் தொட்டிக்குப் போனால், அந்த ஆட்டைக் கொன்றதற்கு நமக்கு இருந்த ஒரே நியாயமும் அதோடு போய்விடுகிறது. சைவக்காரருக்கு எலுமிச்சைச் சோறும் அப்பளமும் என்று மூலையில் உட்கார வைக்காமல், அவர் இலையையும் முழு இலையாகப் போடுங்கள். பாத்திரம் கழுவும் அம்மாவுக்கும் இலை எடுக்கும் பையனுக்கும் கடைசிப் பந்தியில் எலும்பு மட்டும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரக்கத்தால் கறியை விட்டவர்களுக்கு என் வணக்கம். அவர்கள் கல்யாணத்தில் உளுந்துப் பொங்கல் போட்டாலும் இரண்டு கை ஏந்திச் சாப்பிடுவேன். மற்ற நாளெல்லாம் கறி தின்றுவிட்டுக் கல்யாணத்தன்று மட்டும் தின்னாதவர் வேஷம் போடுவது விரதமும் இல்லை, அறமும் இல்லை. அது அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்ற பயம். உங்கள் வீட்டுச் சமையல் உங்கள் சாமிக்கு ஆகுமென்றால் உங்கள் பிள்ளையின் கல்யாணத்துக்கும் ஆகும். அடுத்த முறை பட்டியல் போட உட்காரும்போது சித்தப்பா மெல்லக் கேட்க வேண்டியதில்லை. நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள். மண்டபக்காரர் மறுத்தால் வேறு மண்டபம் பாருங்கள்.